குழாய் ஸ்பீக்கரும் ஆப்பும் – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

போன வாரக் குறிப்பில், நம் கடற்கரைக்கு வெளிநாட்டு நிதியில் வந்த டேப்லெட்டுகளைக் கிண்டல் செய்திருந்தீர்கள். படித்துச் சிரித்தேன், கூடவே கோபமும் வந்தது. நான் தொண்டிக்காரன், இப்போது தோஹாவில் சாஃப்ட்வேர் வேலை. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நம் மீனவர்களுக்கு ஒரு ஆப் செய்து, சர்வதேச நிதி அமைப்பு எதிலாவது விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம். மீன் விலை, காற்று நிலவரம், அரசுத் திட்டம் எல்லாம் ஒரே இடத்தில். கேரளத்தில் செல்போன் வந்த பிறகு மீனவர் வருமானம் கூடியதாக ஆய்வே இருக்கிறது. கென்யாவில் போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா இருக்கிறது. இதற்கப்புறமும் தொழில்நுட்பம் ஏழைக்கு உதவாது என்பீர்களா?

கே.

அன்புள்ள கே.,

உதவாது என்று நான் எழுதவில்லை தம்பி. ஆனால் எழுதிய தொனி அப்படித்தான் இருந்தது, அது என் தப்பு.

முதலில் கேரளம். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வைத்தானே சொல்கிறீர்கள். வட கேரளத்தில் ஒரு கரையில் மத்தியை வாங்க ஆளில்லாமல் கடலிலேயே கொட்டுவார்கள், பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் வியாபாரி வெறுங்கையோடு நிற்பார். 1997-லிருந்து செல்போன் வந்ததும் கடலில் இருந்தபடியே எந்தக் கரைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அருமையான ஆய்வு, நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: மீன்காரர் எந்தக் கரையில் வேண்டுமானாலும் விற்க முடிய வேண்டும். நம் பக்கம் நிலைமை உங்களுக்குத் தெரியாததா? வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். வாங்கினவர் மீன் அந்த வியாபாரிக்குத்தான் போக வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு, அவர் கமிஷன் போக. மண்டபத்தில் நண்டு கிலோ என்ன விலை, தூத்துக்குடியில் என்ன விலை என்று உங்கள் ஆப் அழகாகக் காட்டும், என் பக்கத்து வீட்டு மாமா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். விலை தெரியாமல் ஏமாந்தவர் இனி விலை தெரிந்தே ஏமாறுவார். கேரளத்துக்கே பின்னாளில் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் இந்தக் கடன் பிணைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அதையும் தேடிப் படியுங்கள்.

டேப்லெட் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், போன வாரம் பாதியில் விட்டேன். எங்கள் பக்கத்து ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு ஒரு திட்டத்தில் கொடுத்தார்கள் (திட்டத்தின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான் நடத்தினார்கள்). விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அரை நாள் தண்ணீருக்குள் கிடக்கிற பெண்கள் அதை எங்கே வைத்துப் பார்ப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. காற்று நிலவரம் வந்தது, 'தென்மேற்குத் திசையிலிருந்து 25 நாட் வேகத்தில்' என்று, கடல்மைல் கணக்கில். ஒரு சித்தி கேட்டார், "நாட்டுன்னா அது எந்த நாட்டுக் கணக்கு?" கச்சான் காற்று பலமாக அடிக்கும், போகாதீர்கள் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ரெண்டு வருஷத்தில் திட்டம் முடிந்தது, வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சார்ஜர் பின் வேறு மாதிரி, ராமநாதபுரம் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு டேப்லெட் இப்போது தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2001-ல் மதுரை மேலூர்ப் பக்கக் கிராமங்களில் ஐஐடி மெட்ராஸின் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் தொழில்நுட்பத்தை வைத்து இன்டர்நெட் கியோஸ்க்குகள் திறந்தார்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்கூட சேர்ந்திருந்தன, சில வருஷங்களில் நிறைய கியோஸ்க் மூடிக்கிடந்தது. பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேல் மடிக்கணினி பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-ல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை.

சரி, எதுதான் உருப்படியாக நடந்தது? புதுச்சேரியில் 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நிதியோடு கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஊர்ப் பெண்கள் தமிழில் எழுதி, குழாய் ஸ்பீக்கரில் அறிவிப்பார்கள். வலையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்கலாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், ஆணுக்குக் கேட்பது பெண்ணுக்கும் கேட்கும். 2004 சுனாமி அன்று காலையில், இதே மாதிரி மையம் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, கடல் வருகிறது ஓடுங்கள் என்றார். மையத்தின் கதவை உடைத்து அதே மாதிரி ஸ்பீக்கரில் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர் தப்பியது. இதை யோசித்துப் பாருங்கள் தம்பி: அங்கே வேலை செய்தது ஒரு போன், ஒரு ஸ்பீக்கர், அப்புறம் அந்த ஸ்பீக்கரில் வருகிற குரலை நம்பிப் பழகின ஊர். திட்ட அறிக்கையில் இந்த மூன்றாவதற்கு என்ன செலவு போடுவீர்கள்?

எதிர்க் கதை நம்மிடமே இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் தந்திக் கம்பி அறுந்து, ரயில் கடலோடு போன பிறகுதான் வெளியூருக்கு நிலைமை தெரிந்தது. நான் சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்காத வீடே கிடையாது. அதனால்தான் பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று இன்றைக்கும் கிழவர்கள் கேட்கிறார்கள், கையில் ஸ்மார்ட்போன் இருந்தும்.

எம்-பெசாவில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 2007-ல் தொடங்குவதற்கு முன்னால் பிரிட்டிஷ் அரசு நிதியோடு ஒரு சோதனை நடந்தது, சிறுகடன் தவணையைப் போனில் கட்ட வைப்பதுதான் நோக்கம். மக்கள் தவணையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். அதைத் தப்பு என்று சொல்லாமல், அதுதான் வேண்டியது போல என்று திட்டத்தையே மாற்றினார்கள். தெருவுக்குத் தெரு பெட்டிக்கடைக்காரர் பணத்தை வாங்கவும் கொடுக்கவும் உட்கார்ந்திருந்தார். போனை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெட்டிக்கடை தெரிவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. ஹைதராபாத்தில் உள்ள அரசுக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து எங்கே மீன் கிடைக்கலாம் என்று சொல்கிறது. நல்ல சேவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இடம் தூரத்தில் என்றால் டீசல் போட்டு ஓடுகிறவர் விசைப்படகுக்காரர்தான், நாட்டுப்படகுக்காரர் கேட்டுக்கொண்டு கரையோரமாகவே வலை போடுவார். ஒரே தகவலைத்தான் ரெண்டு பேருக்கும் கொடுத்தார்கள், இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது.

உங்கள் ஆப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பாம்பனில் 2016-லிருந்து கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது, 90.4. மீனவருக்காக, மீனவர் மொழியில். மீனவர்களிடம் வாட்ஸ்அப் குரல் பதிவு இருக்கிறது, அதற்கு எந்த நிதி அமைப்பும் பணம் தரவில்லை, தானாகவே பரவிவிட்டது. புதிதாக ஒன்று கட்டுவதற்கு முன்னால் இந்த ரெண்டுக்கும் எதைக் கொடுத்தால் உதவும் என்று போய்க் கேளுங்கள். ஒரு நல்ல தமிழ்க் குரலுக்குப் பத்து வருஷச் சம்பளமாக இருக்கலாம். அட்வான்ஸை அடைக்க ஒரு கூட்டுறவுக் கடனாகவும் இருக்கலாம், அது சாஃப்ட்வேரே இல்லை என்று உங்கள் நண்பர்கள் முகம் சுளிக்கலாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. அதற்கு அடுத்த வாரம் லீவு போட்டு வாருங்கள், விடியற்காலையில் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு பத்து நாள் சும்மா நிற்கலாம். வரும்போது அந்த டேப்லெட்டுக்குப் பொருந்துகிற சார்ஜர் தோஹாவில் கிடைத்தால் ரெண்டு வாங்கி வாருங்கள், குடத்துக்கு நான் வேறு மூடி வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.