குட்டி இலவசம்தான், ஆனால் 12 வருடச் செலவுக்குத் தயாரா?

கேள்வி: ஐயா, நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கடன் தவணைக்கே போய்விடுகிறது. கிரெடிட் கார்டு பாக்கி கிடையாது. அவசரத்துக்கு இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறது. நண்பர் வீட்டு லாப்ரடார் நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 9. இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சாப்பாட்டுச் செலவுதானே, சமாளித்துவிடலாம் என்று மனைவியும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டையே முதலில் பார்ப்போம். வளர்ந்த லாப்ரடார் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். உலர் உணவாகக் கொடுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 350 கிராம், அதாவது மாதத்துக்குப் பத்து கிலோ மூட்டை ஒன்று காலி. பத்து கிலோ எடையுள்ள பீகிள் போன்ற சின்ன வகை நாய்க்கு இதில் பாதி போதும். உண்ணி மருந்து, குடற்புழு மாத்திரை, ஆபரேஷனுக்கான மயக்க மருந்து என எல்லாமே எடையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பெரிய நாய் என்றால் பில்லும் பெரிசு.

முதல் வருடம் செலவு குவியும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடுப்பூசி. ரேபிஸ் ஊசி தனி. அப்புறம் கருத்தடை ஆபரேஷன். இதற்கிடையில் செருப்பு, சார்ஜர் ஒயர், சோபா மூலை எல்லாம் பல்லுக்கு இரையாகும். அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மதியம் யாராவது வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்கு ஆள் வைத்தால் அந்த மாதச் சம்பளம் சாப்பாட்டுச் செலவையே மிஞ்சிவிடலாம். குடும்பத்தோடு வெளியூர் போனால் நாயை எங்கே விடுவது என்பதும் உண்டு.

இரண்டாம் வருடத்திலிருந்து செலவு அடங்கிவிடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கிடைத்ததை எல்லாம் விழுங்குவதில் லாப்ரடார் கெட்டிக்காரன். ஒரு சாக்ஸ் குடலில் சிக்கினால் போதும்: எக்ஸ்-ரே, அவசர ஆபரேஷன், சில நாள் உள்நோயாளி வாசம். மொத்தப் பணமும் ஒரே ராத்திரியில் தேவைப்படும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், எடுத்தவுடன் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும், பல பாலிசிகளில் நீங்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் திரும்பக் கேட்க வேண்டும். ஆக, பாலிசி இருந்தாலும் கையில் ரொக்கம் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமானவை பிள்ளைகளின் வயதுகள்தான். லாப்ரடார் சாதாரணமாக 10 முதல் 12 வருடம் வாழும். நாய்க்கு ஆறு வயதாகும்போது மகள் கல்லூரியில் இருப்பாள், ஒன்பது வயதாகும்போது மகன் சேருவான். இடுப்பு மூட்டு வலி, தினசரி மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று முதுமைச் செலவு தொடங்குவதும் அப்போதுதான். கல்லூரிக் கட்டணமும் மருத்துவமனை பில்லும் ஒரே மாதத்தில் வந்தால் எதைத் தள்ளிப்போடுவீர்கள்? இன்று நாய்க்காக அடம்பிடிக்கும் இருவரும் அன்று வீட்டிலேயே இருக்க மாட்டார்கள். காலை ஐந்தரை மணிக்கு வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவது நீங்கள்தான்.

சரி, ஆசையை எப்படித்தான் தீர்ப்பது? பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் மூன்று தொகை கேளுங்கள்: முதல் வருட ஊசிகள், கருத்தடை, குடலில் சிக்கிய பொருளை எடுக்கும் அவசர ஆபரேஷன். மூன்றாவது தொகை உங்கள் வங்கிக் கணக்கில் தனியாக இருக்க வேண்டும். வேலை போனால் உதவ வைத்திருக்கும் இரண்டு மாதப் பணத்தில் கைவைக்காதீர்கள், அதுவே குறைச்சல். நாயின் மாதச் செலவு என்று தோராயமாக ஒரு தொகையை, சம்பளம் வந்த அன்றே அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள். அதே ஆறு மாதமும் தினம் காலையில் யாராவது ஒருவர் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளும் முறை போட்டுக்கொள்ளட்டும். நடுவில் பணத்தை எடுத்தாலோ நடையை விட்டாலோ, பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேறிவிட்டால், குட்டியைத் தேடாமல் காப்பகத்தில் இரண்டு மூன்று வயதான நடுத்தர அளவு நாயைப் பாருங்கள். ஊசியும் கருத்தடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும், சுபாவமும் தெரிந்திருக்கும். முதுமை கொஞ்சம் முன்னதாக வரும் என்பதால் அந்தத் தனிக் கணக்கை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

நண்பரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். எட்டு வாரம் ஆனதும் குட்டிகள் புது வீட்டுக்குப் போய்ப் பழகத் தொடங்க வேண்டும். உங்களுக்கென்று அவர் ஒன்றை நிறுத்தி வைக்க வேண்டாம்.