முதலில் டிஸ்க், அப்புறம் விண்டோஸ்: வாசகர் கேள்வி பதில்

என் லேப்டாப் 2014-இல் வாங்கியது. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11 போட்டால் வேகம் கூடுமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போடவும் முடியாது. இன்டெல் சிப்பில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு அனுமதி. உங்கள் லேப்டாப் மெதுவாக இருப்பதற்கு ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். ஆன் செய்த பிறகு நெடுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, முள் நகர்ந்து படிக்கிறது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு ஏறக்குறைய நூறு தடவைதான் அதனால் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் 10 கேட்பதோ ஆயிரக்கணக்கில். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கு இது சுலபம்.

அதனால் முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு. 240 அல்லது 256 ஜி.பி. போதும். கடையில் 'எம்.2' என்ற குச்சி வடிவத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் லேப்டாப்பில் அதற்கு இடம் இருக்க வாய்ப்பு குறைவு. எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. தடிமன் இருக்கும். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. என்றால் இடையில் வைக்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது செலவு ராம். நான்காம் தலைமுறை லேப்டாப்பில் 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3.எல். ராம்தான் போட வேண்டும். லேபிளில் 'பி.சி.3.எல்.' என்று இருக்கும். அந்த கடைசி 'எல்' எழுத்தைக் கவனிக்காமல் 1.5 வோல்ட் ராம் வாங்கிவந்து, லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று தவிப்பவர்கள் பலர். இரண்டாவது ஸ்லாட் இருந்தால் இன்னொரு 4 ஜி.பி. சேர்த்து 8 ஆக்குங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதைவிட விண்டோஸ் 10-ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. பத்து வருடக் குப்பையைப் புது டிஸ்க்குக்குக் குடிபெயர்க்க வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தைப் பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. எந்தப் பதிப்பு என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் விற்ற லேப்டாப்களில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' அதிகம். இன்ஸ்டால் செய்யும்போது பதிப்பைக் கேட்டால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ரோவைப் போட்டுவிட்டால் ஆக்டிவேட் ஆகாது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். வைஃபை டிரைவரை இன்னொன்றில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். எது விட்டுப்போனது என்பது அப்புறம்தான் தெரியும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். 'விண்டோஸ் பேக்கப்' மூலம் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். அந்தக் காலத்துக்கு அப்பாலும் இதே லேப்டாப் ஓட வேண்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போடுங்கள். அதற்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. டாலி ஓட்டும் கணினி என்றால் மின்ட் பக்கம் போகாதீர்கள், டாலி விண்டோஸுக்கான மென்பொருள்.

ரைசன் 5 2600 டெஸ்க்டாப். மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்கிற சிப்தான். ஆனாலும் 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது' என்று வருகிறது. ஏன்?
– வாசகி, மதுரை

டி.பி.எம். (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) அணைந்திருக்கும், அல்லது விண்டோஸ் பழைய 'லெகஸி' முறையில் போடப்பட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டுமே. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். 'லெகஸி' என்று இருந்தால், அடுத்து வரும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் கோப்புகளுக்குப் பேக்கப். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள், இல்லையென்றால் மீட்புக் குறியீடு கேட்டு மடக்கும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்கைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றும் 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.' கட்டளையை (புள்ளி, இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில்) அடியுங்கள். அதன்பின் இடைவெளி விட்டு சாய்கோடு போட்டு 'வேலிடேட்', மறுபடி இடைவெளி, சாய்கோடு, 'அலவ்ஃபுல்ஓஎஸ்' (mbr2gpt /validate /allowFullOS). இது சோதனை மட்டுமே, எதையும் மாற்றாது. சோதனை தேறினால் 'வேலிடேட்' இருந்த இடத்தில் 'கன்வெர்ட்' என்று மாற்றி மறுபடி அடியுங்கள். தேறாவிட்டால், டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக அங்கேதான் மாட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) போய், பழைய முறைக்கு இடம் தரும் 'சி.எஸ்.எம்.'-ஐ அணைத்து, ரைசனில் டி.பி.எம்.-க்கான பெயரான 'எஃப்.டி.பி.எம்.'-ஐ இயக்க வேண்டும். தலைகீழாக, சி.எஸ்.எம்.-ஐ முதலில் அணைத்தவர்களுக்கு 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். பயப்பட வேண்டாம், மறுபடி இயக்கினால் பழையபடி ஓடும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் சி.எஸ்.எம். அணைந்ததும் திரை இருட்டாகிவிடும். அப்போது மதர்போர்டில் சிமாஸை (பயாஸ் அமைப்புகளின் நினைவகம்) அழித்தால் பழைய நிலை திரும்பும். அந்தக் கார்டை மாற்றாமல் மேலே போக முடியாது.

இன்னொன்று, ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். எண் 2000 வரிசையில் இருந்தாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறை வடிவமைப்பு. அவை பட்டியலில் இல்லை.

ரூஃபஸ் மென்பொருளில் சோதனைகளைத் தவிர்த்து விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

போட்டால் ஓடும். ஆனால் அந்தக் கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பை மறுபடி கையால்தான் போட வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துக் கணினியில் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அதற்கு வேண்டிய 'பாப்கவுன்ட்' கட்டளை அந்தச் சிப்பில் கிடையாது. பாட்டு, படத்துக்கு என்றால் சரி. வங்கி, வரி வேலை நடக்கும் கணினியில் இதைச் செய்ய நாங்கள் சொல்ல மாட்டோம்.

இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருக்கின்றன. மின்ட் போட்டால் அவை திறக்குமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

திறக்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. எனவே அந்த எழுத்துருக் கோப்பு இல்லாவிட்டால்தான் ஆங்கிலக் குவியலாகத் தெரியும். விண்டோஸை அழிப்பதற்கு முன் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து பாமினியையும் அதன் தம்பிகளையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். மின்ட்டில் அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்து நிறுவலாம். லிப்ரே ஆபீஸில் பக்கப் பிரிவு சற்று நகரும். அச்சுக்குப் போக வேண்டியவற்றை விண்டோஸில் இருக்கும்போதே பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள்.

இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை மின்ட்டிலேயே இருக்கிறது. பழையதைத் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளைக் கண்ணால் சரிபாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வைஃபை இல்லை என்றால் பிராட்காம் சிப்பாக இருக்கலாம். கைபேசியை யு.எஸ்.பி. வயரில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து, 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் உரிய டிரைவரைக் காட்டும்.

விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜி.பி. ராம். தினமும் ஆன் செய்யும்போது தேதி 2009-க்குப் போய்விடுகிறது. எந்தத் தளமும் திறப்பதில்லை.
– வாசகர், நாகர்கோவில்

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், அதனால்தான் திறப்பதில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள், எழுத்துப் பக்கம் மேலே. பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

ஆனால் அதற்கு மேல் இந்தக் கணினிக்குச் செலவு செய்யாதீர்கள். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அதில் ஓடும் கடைசி க்ரோம் 109. கடிதம் அடிக்க, அச்செடுக்க வைத்துக்கொள்ளுங்கள். இணைய வயரை மட்டும் கழற்றிவிடுங்கள்.