32,000 டாலர் ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது. மிச்சப் பணத்துக்கு என்ன வழி?

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கல்லூரியிலிருந்து உங்கள் மகளுக்கு வந்த அட்மிஷன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன்: இது ஏமாற்று வேலை இல்லை. “நாங்கள் கேட்கவே இல்லை, வருஷத்துக்கு 32,000 டாலர் ஏன் தருகிறார்கள்?” என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் (கலை, அறிவியல் எல்லாம் சேர்த்து இளநிலைப் படிப்பு தரும் சின்னக் கல்லூரிகள்) பலவற்றில் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு, அதாவது வருமானத்தைப் பார்க்காமல் படிப்பையும் திறமையையும் பார்த்துத் தரும் உதவித்தொகைக்கு, தனி விண்ணப்பமே கிடையாது. சேர்க்கை விண்ணப்பத்தைப் பார்க்கும்போதே தொகையை முடிவு செய்து, அட்மிஷன் கடிதத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

மகள் நன்றாகப் படித்ததால்தான் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்குள்ள தனியார் கல்லூரிகளில் முதலாமாண்டு டியூஷன் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் உதவித்தொகையாகவே கழிந்துவிடுகிறது. ஆடித் தள்ளுபடியில் அட்டையில் அடித்திருக்கும் விலையையா பார்க்கிறோம்? பில்லில் என்ன வருகிறது என்றுதானே பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மைத்துனர் “பெரிய கல்லூரி என்றால்தான் ஸ்காலர்ஷிப் தருவார்கள்” என்றாராம். மெரிட்டைப் பொறுத்தவரை விஷயம் நேர்மாறு. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், பொமோனா போன்ற கல்லூரிகள் மெரிட் ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. வேண்டிய அளவுக்கு நல்ல மாணவர்கள் தானாகவே வரும்போது அவர்கள் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்? கிரினெல், டெனிசன், மெக்கலஸ்டர் போன்றவை தருகின்றன. அவையும் நல்ல கல்லூரிகள்தான். உங்கள் மகளைப் போன்ற மாணவர்களைப் பிடித்துப்போட அவற்றுக்குப் பணம் ஒரு வழி, அவ்வளவுதான்.

சரி, பில்லுக்கு வருவோம். கடிதத்தில் டியூஷன், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலர். 32,000 போக 48,000. நீங்கள் அதை நான்கால் பெருக்கி 1,92,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. ஸ்காலர்ஷிப் நான்கு வருஷமும் அதே 32,000. கட்டணம் அப்படி நிற்காது, வருஷா வருஷம் ஏறும். 4 சதவீதம் ஏறுவதாக வைத்துப் பாருங்கள்: இரண்டாம் ஆண்டு கையிலிருந்து 51,200, மூன்றாம் ஆண்டு 54,528, நான்காம் ஆண்டு ஏறக்குறைய 58,000. மொத்தம் 2,11,700 டாலர் சொச்சம். டாலர் 90 ரூபாய் என்று வைத்தாலே 1 கோடியே 90 லட்சம். உங்கள் கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் மட்டும் 17 லட்சத்துக்கு மேல். விமான டிக்கெட், குளிர்காலத் துணிமணி இதில் இல்லை. மருத்துவக் காப்பீடு அந்த 80,000-க்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் அதை எடுத்தே ஆக வேண்டும் என்று பல கல்லூரிகள் சொல்லும், தொகையும் சின்னது இல்லை.

கேம்பஸ் வேலையில் மிச்சத்தைச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. அந்தச் சம்பளம் கைச்செலவுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போய்விடும்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். எட்டு செமஸ்டர் வரைக்கும்தான் பணம், முழுநேர மாணவியாக இருக்க வேண்டும், ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.0-க்குக் கீழே போகக் கூடாது என்று இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் அங்கே 15, 20 பேர் உட்காரும் வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதற்கும், வாராவாரம் கட்டுரை எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் இயற்பியலில் இல்லை, எழுத்து வகுப்பில்தான் தடுமாறுகிறார்கள். அதனால், 3.0-க்குக் கீழே போனால் பணத்தை உடனே நிறுத்திவிடுவார்களா, ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொகையைக் கூட்டிக் கேட்கலாமா? தாராளமாக. நம்மவர்களுக்குத்தான் கூச்சம். நீங்கள் எழுத வேண்டாம், மகள் எழுதட்டும். இந்தக் கல்லூரிதான் என் முதல் விருப்பம், குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு முடியும், இன்னொரு கல்லூரி இவ்வளவு தருகிறது என்று மூன்று விஷயம் போதும். அந்த இன்னொரு கடிதத்தையும் இணைத்துவிடலாம். கேட்டதற்காகக் கொடுத்த இடத்தைப் பறிக்க மாட்டார்கள். கேட்பதற்கு முன் கல்லூரிப் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடிப் பாருங்கள். கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் எச்-6 என்ற பகுதியில், வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். உங்களுக்கு வந்தது அந்தச் சராசரியை விடக் குறைவு என்றால் கேட்க இடமிருக்கிறது.

தாராளமாகத் தள்ளுபடி தருகிற சின்னக் கல்லூரி என்றால் அதன் நிதி நிலைமையையும் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரி, 2024 ஏப்ரல் கடைசியில், அந்த செமஸ்டரோடு மூடுவதாக அறிவித்தது. உங்கள் மகளின் கல்லூரிக்கு நல்ல அறக்கட்டளை நிதி இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். மகளின் பட்டியலில் உள்ள மற்ற இரண்டு கல்லூரிகளையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள் “அவ்வளவு தூரம் போய் பி.ஏ.வா?” என்று கேட்பதற்கு ஒன்று சொல்லிவிடுங்கள். அங்கே இயற்பியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்தாலும் பல கல்லூரிகள் பி.ஏ. என்றுதான் பட்டம் தரும். படித்து முடித்து ஓபிடியில் (மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) 12 மாதம் வேலை பார்க்கலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பாடம் என்றால் மேலும் 24 மாதம். ஸ்டெம்மா இல்லையா என்று முடிவு செய்வது, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள பாடக் குறியீட்டு எண், பட்டத்தின் பெயர் இல்லை.

இனி என் அபிப்பிராயம். ஆண்டுக்கு 30,000 டாலருக்குள் வந்தால் அனுப்புங்கள், சின்ன வகுப்புகளும் பேராசிரியரோடு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பும் அவளுக்குப் பொருந்தும். 48,000-இலேயே நின்றால், இருக்கிற ஒரே வீட்டை வங்கியில் வைத்து அனுப்ப வேண்டாம் என்பேன். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிற வழி திறந்தே இருக்கிறது. முனைவர் படிப்பு என்றால் உதவித்தொகையோடு போகலாம்.

சிக்கல் தேதியில்தான். அங்கே சேர்வதை உறுதி செய்யப் பெரும்பாலும் மே 1-க்குள் டெபாசிட் கட்ட வேண்டும். நம் பிளஸ் டூ ரிசல்ட் அந்த நேரத்தில் கையில் இருக்காது, இன்ஜினீயரிங் கவுன்சிலிங் அதற்கும் அப்புறம். டெபாசிட் சில நூறு டாலர், திரும்பி வராது. அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தால் ஒரே ஒரு கல்லூரிக்குக் கட்டுங்கள், இரண்டு இடத்தில் கட்டக் கூடாது. டிஎன்இஏ (அந்த இன்ஜினீயரிங் கவுன்சிலிங்) பதிவையும் விடாமல் செய்துவையுங்கள். தொகையைக் கூட்டிக் கேட்டு மகளை இந்த வாரமே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை எனக்குக் காட்டட்டும்.