பொறுப்பாசிரியர் எங்கே உட்காருவது?

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரியில் பாடம் நடத்த வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்த ஆண்டு மாணவர் விவாத மன்றத்துக்கு என்னைப் பொறுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்கள். மாணவர்கள் எல்லாவற்றையும் கடைசி நேரத்தில்தான் செய்கிறார்கள். நான் கையில் எடுத்தால் நிகழ்ச்சி நன்றாக நடக்கிறது, விட்டால் குளறுபடி. இந்தப் பொறுப்பில் பல வருடம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எவ்வளவு தூரம் தலையிடலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நானும் முதல் வருடம் உங்களைப் போலத்தான் இருந்தேன். அரங்கத்துக்குக் கடிதம் எழுதியது நான், விருந்தினரை அழைத்தது நான். விழா பிரமாதமாக நடந்தது. முடிந்ததும் செயலாளர் வந்து, "சார், உங்க ப்ரோக்ராம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். அந்த 'உங்க' இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு கூட்டங்களில் கடைசி நாற்காலிக்குப் போய்விட்டேன். யாராவது பேசிவிட்டு என் முகத்தைப் பார்த்தால், நான் மன்றத் தலைவரைப் பார்ப்பேன். யோசனை சொல்ல நாக்கு துடிக்கும்போது கேள்வி கேட்பேன்: "இதை யார் செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள்?" போஸ்டரில் நேரம் தவறாக அச்சாகி எட்டே பேர் வந்தால் வரட்டும். அடுத்த போஸ்டரை அச்சுக்கு முன் மூன்று பேர் படிப்பார்கள்.

ஆனால் பணத்திலும் பாதுகாப்பிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். புதியவர்களைச் 'சும்மா கலாய்க்கிறோம்' என்று அவமானப்படுத்தினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். யாராவது தனக்கு நேர்ந்த தொந்தரவைச் சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எதைக் கட்டாயம் மேலே தெரிவிக்க வேண்டும் என்பதைக் கல்லூரி விதிகளில் இப்போதே படித்து வைத்திருங்கள்.

விவாதத் தலைப்புகளைக் கண்டு பயப்படவும் வேண்டாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1815-ல் தொடங்கிய மாணவர் விவாத மன்றம் கேம்பிரிட்ஜ் யூனியன். அதைப் பல்கலைக்கழகம் 1817-ல் மூடியது. 1821-ல் திரும்பத் திறக்க விட்டபோதும் எதைப் பேசலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. மாணவர்கள் பேசுவதைக் கண்டு பெரியவர்கள் அஞ்சுவது அவ்வளவு பழைய கதை. அந்த மன்றம் இன்றும் நடக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியம். மன்றத்துக்கு ஞாபகம் கிடையாது. நிர்வாகிகள் வருடா வருடம் மாறுகிறார்கள், மூன்று நான்கு வருடத்தில் எல்லோருமே போய்விடுகிறார்கள். தங்கிவிடுவது நீங்கள் மட்டும்தான். ஒரு வருடக் கடைசியில் பொருளாளர் ஒரு ஷூ டப்பா நிறைய பில்களைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தாள். பாதிப் பில்லில் மை மங்கி எழுத்தே இல்லை. அழுதுவிட்டாள் பாவம். அன்றன்றே போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அப்போதுதான் ஒப்படைப்பு நோட்டு தொடங்கினோம். அனுமதிக்கு யாரை, எத்தனை நாள் முன்னால் பார்க்க வேண்டும், எந்தச் செலவு கையை மீறியது, கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன என்பதெல்லாம் அதில் ஏறும். தேர்வுக்கு முன்பே பழைய நிர்வாகிகளும் புதியவர்களும் அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை சேர்ந்து உட்காருவார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றுவதும் அந்த வாரமே.

உங்கள் மன்றத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் முதல் பக்கத்தை அவரே எழுதட்டும்.