39 ஷில்லிங்

அன்புள்ள ஐயா,

லண்டனுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சைக்கிளில் வந்த ஒருவன் என் செல்போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். இணையத்தில் புகார் கொடுத்தேன், ஒரு எண் வந்தது. மறுநாளே விசாரணையை முடித்துவிட்டோம் என்று மின்னஞ்சல். ஒரு காலத்தில் திருடனைத் தூக்கில் போட்ட நாடு இது. எப்போது இப்படி இளகிப்போனது? தூக்கை ஒழித்தது தவறா? இது பற்றி என்ன படிக்கலாம்?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு அடி எதுவும் படவில்லையே? செல்போன் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மின்னஞ்சலைத் தாங்குவது கஷ்டம். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் தூக்குக்கயிற்றைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சில வாரங்களாக லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குப் பதிவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1674 முதல் 1913 வரையிலானவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சாதாரணத் திருட்டுக்குத் தூக்கு 1830களிலேயே போய்விட்டது. 1965-ல் நிறுத்தியது கொலைக்கான தூக்கை. அது தவறா என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! 1950-ல் டிமோத்தி எவன்ஸ் என்பவரை, தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் தூக்கில் போட்டார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டில் அடுத்தடுத்துப் பெண்களின் பிணங்கள் கிடைத்தன. கிறிஸ்டி வரிசையாகக் கொலை செய்துவந்தவர். எவன்ஸுக்கு 1966-ல் மன்னிப்பு வழங்கினார்கள். அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சரி, திருட்டுக்கு வருவோம். 1713-ல் வந்த சட்டப்படி ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு மதிப்புள்ள பொருளைத் திருடினால் மரணதண்டனை. அந்தப் பதிவுகளைப் புரட்டினால் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: ‘39 ஷில்லிங் மதிப்புக்குத் திருடிய குற்றவாளி.’ அதைவிடப் பலமடங்கு விலையுள்ள பொருளைத் திருடியிருந்தாலும், குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட பொதுமக்களான ஜூரிகளின் தீர்ப்பில் அது 39 ஷில்லிங்தான். கடைத்திருட்டுக்கு எல்லை 5 ஷில்லிங். அங்கே தீர்ப்பு 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்று வரும். 1827-ல் வீட்டுத் திருட்டுக்கான எல்லையை 5 பவுண்டாக உயர்த்தினார்கள். உடனே ஜூரிகளின் மதிப்பும் 4 பவுண்டு 19 ஷில்லிங்குக்கு ஏறிவிட்டது.

அந்த ஜூரிகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர்கள், வியாபாரிகள். தாங்களும் எப்போதாவது திருட்டுக் கொடுத்தவர்கள். திருடன் மேல் அவர்களுக்கு என்ன பிரியம்? ஆனாலும் கூண்டில் நிற்கும் வேலைக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டு, கடவுள் மேல் ஆணையிட்ட அதே வாயால் பொய் சொன்னார்கள். 1830-ல் வங்கிக்காரர்களே நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள்: கள்ளக் கையெழுத்துக்கு மரணதண்டனை வேண்டாம், அதற்குப் பயந்து யாரும் சாட்சிக்கு வருவதில்லை, ஜூரிகள் விடுதலை செய்துவிடுகிறார்கள், எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்று.

நான் இதில் ஏன் இப்படிச் சிக்கிக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் விடுதியில் தங்கிப் படித்தேன். எவனாவது திருடினால் விசாரணை கிடையாது, டி.சி.தான் என்று வார்டன் முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் அறையில் ஒருவன் சோப்பு, பேனா என்று எடுப்பான். எல்லாருக்கும் தெரியும். அவன் அம்மா களையெடுத்துப் படிக்க வைப்பதும் தெரியும். டி.சி. கொடுத்தால் அவன் படிப்பு அதோடு சரி. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் என் பக்கத்துப் பாய்க்காரனின் பெட்டியிலிருந்து பரீட்சைக் கட்டணம் காணாமல் போனது. வார்டன் எங்களை வரிசையில் நிறுத்திக் கேட்டார். ‘தெரியாது சார்’ என்றேன். பணத்தைத் தொலைத்தவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் அப்பா எங்கோ கடன் வாங்கிக்கொண்டு வந்து கட்டினார். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவேயில்லை. ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்பதுதான் தண்டனையாக இருந்திருந்தால், முதல் சோப்பு காணாமல் போன அன்றே நாங்கள் சொல்லியிருப்போம்.

நூற்றுக்கணக்கான குற்றங்களுக்குத் தூக்கு என்றிருந்த அந்தக் காலத்தில் லண்டனில் ஒழுங்கான போலீஸே கிடையாது. திருட்டுக் கொடுத்தவர்தான் திருடனைத் தேட வேண்டும், வழக்குச் செலவையும் அவர்தான் பார்க்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாத குறையைக் கயிற்றால் ஈடுகட்டப் பார்த்தார்கள். 1829-ல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் நீலக் கோட்டு போட்ட, துப்பாக்கி இல்லாத காவலர்களைத் தெருவுக்கு அனுப்பினார். திருட்டுக்கான தூக்கு ஒவ்வொன்றாகப் போனதும் அதையொட்டிய வருடங்களில்தான். நீங்கள் இளக்கம் என்று சொல்வது இதைத்தான்.

உங்கள் விஷயத்தில் குறைந்துபோனது பிடிக்கும் ஆள். 2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 20,000 காவலர்களைக் குறைத்தார்கள். அப்புறம் திரும்ப ஆள் எடுத்தார்கள்தான், ஆனால் தெருவை அறிந்த பழைய ஆட்கள் போனது போனதுதான். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். கயிற்றைக் கேட்காதீர்கள், உங்கள் புகாரை ஏன் ஒரே நாளில் மூடினார்கள் என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள். நாளைக்கே அந்தச் சைக்கிள்காரனைப் பிடித்துவிடுகிறார்கள். பதினாறு வயது இருக்கும். செல்போன் 40 ஷில்லிங்குக்கு மேல் பெறும் என்று நீங்கள் சொன்னால் அவனைத் தூக்கில் போடுவார்கள். என்ன விலை சொல்வீர்கள்?