சிடி பிளேயரின் லேசர் லென்ஸை நாமே துடைக்கலாமா? துடைத்தால் கெட்டுவிடுமா?

பிளேயர் சில சிடிகளைப் படிக்கிறது, சிலவற்றைப் போட்டால் டிஸ்க் இல்லை என்கிறது, பாட்டும் நடுநடுவே தவ்வுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸை நீங்களே துடைக்கலாம். கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் அது கை அழுத்தத்தால்தான் கெடும்.

நான் ஒரு பிளேயரை அப்படித்தான் இழந்தேன். லென்ஸில் ஒரு கறை போகவே மாட்டேன் என்றது. பஞ்சுக் குச்சியை அழுத்தித் தேய்த்தேன். லென்ஸ் பளிச்சென்று ஆகிவிட்டது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கப்புறம் அது ஒரு சிடியைக்கூடப் படிக்கவில்லை.

காரணம் இதுதான். மிளகளவுள்ள அந்த லென்ஸ் எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. பல பிளேயர்களில் தலைமுடி போன்ற நான்கு கம்பிகளில் தொங்குகிறது. பக்கத்தில் சின்னச் சுருள்களும் காந்தங்களும் இருக்கும். சிடி சுற்றும்போது கொஞ்சம் மேலும் கீழுமாக ஆடும். லென்ஸும் கூடவே ஆடி அதைப் பின்தொடர வேண்டும். சிடியில் தகவல் தடம் தடமாகப் பதிந்திருக்கும்; ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 600 தடங்களுக்கு மேல். கம்பி கொஞ்சம் வளைந்தாலும் குறி தப்பிவிடும்.

அதனால் லென்ஸைத் தொடுமுன் சிடியைப் பாருங்கள். ஒரே ஒரு சிடி மட்டும் தகராறு செய்தால் தப்பு அந்த சிடியில்தான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கும்போது கீறல் விழுந்தால் அது தடத்தின் போக்கிலேயே போய், தொடர்ச்சியாக நிறையத் தகவலை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலை பிளேயரின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் இப்போதுதான் கொண்டுவந்தீர்கள் என்றால் லென்ஸில் ஈரம் பூத்திருக்கலாம். ஒரு மணி நேரம் சும்மா விட்டாலே போதும்.

நல்ல சிடிகளும் திணறினால் லென்ஸ்தான் அடுத்த சந்தேகம். அதில் படியும் தூசியும் புகைப்படலமும் லேசர் ஒளியைப் போகும்போதும் தடுக்கும், சிடியில் பட்டுத் திரும்பும்போதும் தடுக்கும்.

மூடியைத் தூக்கிச் சிடி போடும் வகை என்றால் திறந்ததுமே லென்ஸ் தெரியும். ட்ரே வகை என்றால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கை வையுங்கள். மூடி இல்லாமல் பிளேயரை ஓட்டி உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளிபோலத்தான் தெரியும். பலம் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

முதலில் ஏதாவது ஓர் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள், லேசர் ஒளியை உண்டாக்கும் டயோடுக்கு அது ஆகாது. கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயரால் இரண்டு மூன்று முறை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று வேகம் அதிகம், சாய்த்துப் பிடித்தால் திரவமாகவே பீய்ச்சும். பல நேரம் இந்த ஊதலோடேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் புதுப் பஞ்சுக் குச்சியும் போதும். நகப்பூச்சு நீக்கி, தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலான லென்ஸ்கள் பிளாஸ்டிக், அவை பட்டால் வெளுத்துப்போகும். குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். ஈரம் அதிகமானால் லென்ஸின் கீழே இறங்கி, கை எட்டாத இடத்தில் கறையாகிவிடும். குச்சியின் எடை மட்டுமே லென்ஸில் படட்டும். பட்டதும் லென்ஸ் கொஞ்சம் அமுங்கி, எடுத்ததும் எழும்பும். பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். நடுவிலிருந்து வெளியே சுழற்றி இரண்டு சுற்று, பிறகு உலர்ந்த முனையால் ஒரு சுற்று. இப்போது விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் நீலமோ ஊதாவோ கலந்த நிறத்தில், கலங்கலில்லாமல் தெரிந்தால் சரி. பஞ்சு இழை ஒட்டியிருந்தால் மறுபடி ஊதி எடுங்கள்.

குட்டித் தூரிகை வைத்த கிளீனிங் டிஸ்க் எனக்குப் பிடிப்பதில்லை. சுற்றும் வேகத்தில் தூரிகை லென்ஸை அடிக்கிறது, எண்ணெய்ப் படலத்தை எடுப்பதுமில்லை. திறக்கவே முடியாத பிளேயருக்கு மட்டும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

லேசர் பகுதியில் ஒரு சின்னத் திருகு தெரியலாம். அதைத் திருப்பினால் பிளேயர் படிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டும், டயோடு சீக்கிரம் போய்விடும்.

ஆல்கஹால் காயப் பத்து நிமிடம் விட்டு, மூடியைப் பொருத்தி, கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடியை முதலில் போடுங்கள். அழித்து எழுதும் சிடிகள் ஒளியை மிகக் குறைவாகத் திருப்பும், சோதனைக்கு அவை வேண்டாம். முதல் பாட்டுகள் ஒழுங்காகப் போய்க் கடைசிப் பாட்டுகளில் மட்டும் தவ்வினால், லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸைத் துளியளவு தடவுங்கள்.