தேக்கு இலையை மொட்டையடிக்கும் புழு: எந்த மருந்து, எப்போது?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தின் ஓரமாகத் தேக்கு நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கோடை மழை விழுந்ததும் கறுப்புப் புழுக்கள் வந்து, இலைகளில் நரம்பை மட்டும் விட்டுவைக்கின்றன. ஐரோப்பாவில் பைன் காட்டுப் புழுக்களுக்கு உயிரி மருந்து தெளிப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே அது பலன் தருமா? தோட்டத்தில் தேனீப் பெட்டிகளும் இருக்கின்றன.

பதில்: பலன் தரும். அங்கே பைன் ஊசியிலைகளைத் தின்னும் ஊர்வலப் புழுக்களுக்குத் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவேதான் உங்களுக்கும் வேண்டியது. பூச்சிமருந்துக் கடையில் 'பி.டி.' என்று கேட்டால் தருவார்கள். இந்தப் பாக்டீரியாவில் குர்ஸ்டாகி வகையா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள்.

இது பட்டவுடன் கொல்லும் நஞ்சு அல்ல, இலையோடு சேர்த்துப் புழு தின்றாக வேண்டும். அதன் குடலின் காரத்தன்மையில் பாக்டீரியாவின் புரதம் கரைந்து குடல்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு உயிரோடு இருக்கிறதே என்று பலர் மறுபடி ரசாயனம் அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுத்திருங்கள்.

எல்லாமே காலத்தில்தான் இருக்கிறது. தாய் அந்துப்பூச்சி தளிரில்தான் முட்டையிடும். மழைக்குப் பின் தளிரைப் புரட்டிப் பாருங்கள். சின்னப் புழு முதலில் இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். சற்று வளர்ந்ததும் ஓரத்தைக் கத்தரித்து மடித்து, நூலால் ஒட்டி, அதற்குள் ஒளிந்து தின்னும். சுரண்டல் தெரியும்போதே, மடிப்புகள் பெருகும் முன் தெளித்துவிட வேண்டும். முழுதாக வளர்ந்த புழுக்கள் நூலில் தொங்கி இறங்கத் தொடங்கிவிட்டால் மருந்து வீண். அவை மண்ணில் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகப் போகின்றன.

லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் என்பது பொதுவான அளவு; உறையில் உள்ளதே இறுதி. ஒட்டும் திரவம் சேர்த்து, கலக்கிய அன்றே மாலையில் தெளியுங்கள். வெயில் இந்தப் பாக்டீரியாவைச் சில நாட்களில் அழித்துவிடும், மழை கழுவிவிடும். எனவே மழை இடைவெளி பார்ப்பது நம் குமரி மாவட்டத்தில் மிக அவசியம். ரப்பருக்குப் போர்டோ கலவை அடித்த தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் எடுக்காதீர்கள். சுண்ணாம்பும் செம்பும் பி.டி.யைக் கெடுக்கும்.

தேனீக்களைப் பற்றிய கவலை வேண்டாம். மார்த்தாண்டம் பகுதித் தேனில் பெரும்பங்கு ரப்பர் இலைக்காம்பில் ஊறும் மதுவிலிருந்து வருவது. ரசாயனம் காற்றில் பறந்து அந்த இலையில் படிந்தால் கூட்டமே போய்விடும். பி.டி.யில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் சாகும் என்பதால் தேக்கைத் தவிர வேறெங்கும் அடிக்காதீர்கள்.

வளர்ந்த மரங்களுக்குத் தெளிக்கவே வேண்டாம், அவை மறுபடி தளிர்த்துவிடும். இளமரம் அப்படியல்ல. கேரளத்தின் நிலம்பூரில் நடந்த ஆய்வில், புழு தாக்கிய இளந்தேக்குகள் பெறவேண்டிய வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்தன. கிளைகளில் சில புழுக்கள் தளர்ந்து, உடல் கரைந்து தொங்கினால் அவை என்.பி.வி. என்ற, புழுக்களைத் தாக்கும் வைரஸால் செத்தவை, அகற்றாமல் விடுங்கள். அந்த வைரஸ் மற்றப் புழுக்களுக்கும் பரவும்.